'டு'வுக்குப் பின்னால் ஒரு வாக்கியம்: 'என்று' வைத்து நினைப்பதை ஆங்கிலத்தில் கட்டும் முறை

"ஏற்காடு பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்கப் போகிறேன்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பட்டம் வாங்கியவர்கள்கூட இப்படிச் சொல்லிவிடுகிறார்கள்: 'ஐ ஆம் கோயிங் டு ஆஸ்க் தேட் வென் வில் த பஸ் லீவ்.' சொற்களில் குறையே இல்லை. கோத்த விதத்தில்தான் இரண்டு பிசகு. 'தேட்' அங்கே வரக்கூடாது. 'வில்' இருக்கும் இடம் தப்பு. சரியான வாக்கியம் இது: 'ஐ ஆம் கோயிங் டு ஆஸ்க் வென் த பஸ் வில் லீவ்.'

'டு ஆஸ்க்', 'டு நோ', 'டு டெல்', 'டு வெயிட்' மாதிரியான சொற்களுக்குப் பின்னால் இன்னொரு முழு வாக்கியத்தைத் தொடுப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. ஏற்காட்டில் விடுதி வரவேற்பில் உட்காருபவர், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெளிமாநிலத்துக்குக் கொலுசு அனுப்புபவர், ஜவ்வரிசி ஆலை அலுவலகத்தில் மெயில் எழுதுபவர், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர் ஆகியோருக்கு அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களையே எடுத்துக்கொள்கிறோம். இலக்கணப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தைச் சரியான இடத்தில் வெட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் 'டு' என்ன செய்கிறது

தமிழில் கேட்க, பார்க்க, சொல்ல, வாங்க என்கிறோமே, அந்தச் செயவென் எச்சத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் வடிவம் 'டு ஆஸ்க்', 'டு சீ', 'டு டெல்', 'டு பை'. கேட்பதற்கு, கேட்கும்படி, கேட்கலாம் என்று வந்தாலும் பெரும்பாலும் அதே 'டு ஆஸ்க்'தான்.

இந்த 'டு'வுக்கு அடுத்து வரும் வினைச்சொல்லில் எதையும் ஒட்டக்கூடாது. 'ஷீ வாண்ட்ஸ் டு கோஸ்' தவறு. 'ஐ வென்ட் டு பாட்' தவறு. யார் செய்தாலும், எந்தக் காலமானாலும் 'டு கோ', 'டு பை' அப்படியே நிற்கும். 'வேண்டாம்' என்ற பொருள் வந்தால் 'நாட்' என்பதை 'டு'வுக்கு முன்னால் வையுங்கள்: 'ஹி டோல்ட் மீ நாட் டு வெயிட்.' 'டோல்ட் மீ டு டோன்ட் வெயிட்' என்பது தமிழ் "வெயிட் பண்ணாதே"யை அப்படியே தூக்கி வைப்பதால் வரும் பிழை.

கண்ணில் படும் எல்லா 'டு'வும் இந்த 'டு' ஆகாது. மெயிலின் கடைசி வரியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுகிறார்கள். அங்கே இருப்பது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்பதில் வரும் 'டு'. அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும். 'ஹியரிங் ஃப்ரம் யூ' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

வாலைப் பிடித்து மேலே வாருங்கள்

தமிழ் வாக்கியத்தில் முக்கியமான வினை கடைசியில் வரும். கேட்ட விஷயம் முதலில், 'என்று' அடுத்தது, கேட்டவர் செயல் அதற்கும் பின்னால். ஆங்கிலத்தில் எல்லாம் தலைகீழ். தமிழின் வாலில் இருப்பது ஆங்கிலத்தின் தலைக்கு வந்துவிடும். அதனால் வாக்கியத்தை முன்னாலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினாலே சிக்கல்தான்.

மேலே பார்த்த வாக்கியத்தை வெட்டிப் பார்ப்போம். வாலில் 'போகிறேன்' இருக்கிறது: 'ஐ ஆம் கோயிங்'. அதற்கு முன்னால் 'கேட்க': 'டு ஆஸ்க்'. அதற்கு முன்னால் 'என்று'. இங்கே நின்றுவிடுங்கள். இதுதான் கொலுசில் கொக்கி மாட்டும் இடம் மாதிரி. இந்தப் பக்கம் ஒரு சரடு, அந்தப் பக்கம் ஒரு சரடு; நடுவில் கொக்கி. கொக்கிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாக்கியத்தைத் தனியாக எடுங்கள்: "பஸ் எப்போது கிளம்பும்." இதில் கேள்விச்சொல் இருக்கிறது, ஆகவே அதை முன்னால் இழுத்து 'வென்', பிறகு யார் அல்லது எது, 'த பஸ்', கடைசியாக என்ன செய்யும், 'வில் லீவ்'.

வேலை மூன்றே மூன்று. வாலிலிருந்து 'டு' வரை சொல்வது. கொக்கி எது என்று முடிவு செய்வது. கொக்கிக்கு அப்பால் இருப்பதை, ஆள் முதலில் வினை பின்னால் என்ற வரிசையில் வைப்பது. இவற்றில் இரண்டாவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

ஒரே 'என்று', ஆங்கிலத்தில் மூன்று கொக்கி

தமிழ் 'என்று' எல்லாவற்றுக்கும் பொருந்தும். "பஸ் போய்விட்டது என்று சொல்ல", "பஸ் போய்விட்டதா என்று பார்க்க", "பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க" ஆகிய மூன்றிலும் அதே 'என்று'. ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு. 'என்று' என்றால் 'தேட்' என்று பள்ளியில் ஒருமுறை மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு எங்கே 'என்று' வந்தாலும் கை தானாக 'தேட்' போடுகிறது. இந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள். 'என்று'வைப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள்.

அந்த வாக்கியம் சாதாரணச் செய்தியாக இருந்தால் 'தேட்'. "பார்சல் அனுப்பிவிட்டோம் என்று சொல்ல போன் செய்தேன்": 'ஐ கால்ட் டு சே தேட் வீ ஹேட் சென்ட் த பார்சல்.' 'சே', 'திங்க்', 'நோ', 'ஹோப்' ஆகியவற்றுக்குப் பின்னால் பேச்சில் 'தேட்'டை விட்டுவிடலாம். கடிதத்தில், அதுவும் 'இன்ஃபார்ம்', 'எக்ஸ்ப்ளெய்ன்', 'ரிமைண்ட்' வரும் இடங்களில், விடாமல் எழுதுவதே நல்லது.

அந்த வாக்கியம் 'ஆ'வில் முடிந்தால், அதாவது ஆமா இல்லையா என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருந்தால், 'வெதர்' அல்லது 'இஃப்'. "திருகாணி லூஸாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்": 'வீ நீட் டு சீ இஃப் த ஸ்க்ரூ இஸ் லூஸ்.' இங்கே 'டு சீ தேட் த ஸ்க்ரூ இஸ் லூஸ்' என்று சொன்னால் பொருளே மாறிவிடும். லூஸாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். 'பார்க்க' வேறு, 'பார்த்துக்கொள்ள' வேறு. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் கொக்கிதான் காட்டுகிறது. "பெட்டி ஸீல் ஆகியிருக்கிறதா என்று பார்க்க" என்றால் 'டு சீ இஃப் த பாக்ஸ் இஸ் ஸீல்ட்'. "பெட்டி ஸீல் ஆகியிருக்கும்படி பார்த்துக்கொள்ள" என்றால் 'டு மேக் ஷூர் தேட் த பாக்ஸ் இஸ் ஸீல்ட்'.

எங்கே, எப்போது, எவ்வளவு, யார், ஏன் போன்ற கேள்விச்சொல் உள்ளே இருந்தால், அந்தக் கேள்விச்சொல்லே கொக்கி. வேறு எதுவும் வேண்டாம். "வெள்ளி எத்தனை டச் என்று தெரிய வேண்டும்" என்பதை வெளியூர் வாடிக்கையாளர் இப்படிக் கேட்பார்: 'ஐ நீட் டு நோ ஹவ் ப்யூர் த சில்வர் இஸ்.' 'நோ தேட் ஹவ்' கிடையவே கிடையாது. ஒரு கொக்கி மாட்டிய இடத்தில் இன்னொன்று மாட்ட முடியாது.

'வெதர்', 'இஃப்' இரண்டும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் சில இடங்களில் 'வெதர்' மட்டுமே வரும்: நேராக 'டு'வுக்கு முன்னால், 'ஆன்', 'அபவுட்' போன்ற சிறு சொற்களுக்குப் பின்னால், 'ஆர் நாட்' என்பதை உடனே ஒட்டும்போது, வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாயாக வரும்போது. இது தவிர 'இஃப்'புக்கு, 'வந்தால்', 'வேண்டுமென்றால்' என்பவற்றில் வரும் 'ஆல்' என்ற நிபந்தனைப் பொருளும் உண்டு என்பதால் குழப்பம் வரும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். விடுதியிலிருந்து விருந்தினருக்கு 'ப்ளீஸ் கால் டு டெல் அஸ் இஃப் யூ நீட் எ ரூம்' என்று எழுதினால், அறை வேண்டுமா வேண்டாமா என்று கட்டாயம் சொல்லுங்கள் என்றும் படிக்கலாம். வேண்டும் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்றும் படிக்கலாம். கட்டாயம் பதில் வேண்டும் என்றால் 'வெதர்' போடுங்கள். மே மாதக் கோடை விழாவின்போது அறைக்கு அடிபிடி நடக்கும் நாட்களில் இந்த ஒரு சொல் பெரிய உபகாரம்.

கொக்கிக்கு அப்பால் கேள்வி வடிவம் வேண்டாம்

நேரடிக் கேள்வி: 'வேர் இஸ் த ஏடிஎம்?' இதையே 'டு நோ'வுக்குப் பின்னால் கொண்டுவந்தால்: 'ஐ வாண்ட் டு நோ வேர் த ஏடிஎம் இஸ்.' 'இஸ்' கடைசிக்குப் போய்விட்டது. கேள்வி என்பது இப்போது 'வாண்ட் டு நோ'வில் அடங்கிவிட்டதால், உள்ளே இருப்பது சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்புகிறது. தமிழில் "எங்கே இருக்கிறது?" தனியாக வந்தாலும் "எங்கே இருக்கிறது என்று" என உள்ளே வந்தாலும் வரிசை மாறாது. அதனால்தான் நமக்கு இது உறைப்பதில்லை.

'டூ', 'டஸ்', 'டிட்' வந்த கேள்விகளில் அந்தத் துணைச்சொல்லே காணாமல் போகும். போகும்போது தன்னிடமிருந்த காலத்தை வினையிடம் கொடுத்துவிட்டுப் போகும். 'வாட் டைம் டஸ் த ஷாப் க்ளோஸ்?' என்பது 'டு ஆஸ்க் வாட் டைம் த ஷாப் க்ளோஸஸ்' ஆகும். 'வேர் டிட் ஹி பை இட்?' என்பது 'டு ஃபைண்ட் அவுட் வேர் ஹி பாட் இட்' ஆகும். 'டஸ்'ஸை எடுத்துவிட்டு 'ஸ்' சேர்க்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடப்பது.

கேள்விச்சொல்லே செய்தவராக இருந்தால் எதுவும் மாறாது. 'ஹூ கேம்?' என்பது 'டு நோ ஹூ கேம்' என்றே நிற்கும்.

காலம்

'டு'வுக்குக் காலம் கிடையாது. கொக்கிக்கு அப்பால் இருக்கும் வாக்கியத்துக்கு உண்டு. அந்தக் காலத்தை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்.

முதலாவது, வாலில் இருந்து தலைக்கு வந்த முக்கிய வினை. "கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்." தமிழில் 'போனேன்' இறந்தகாலம், 'திறந்திருக்கிறதா' நிகழ்காலம், அன்று மனதில் எழுந்த கேள்வியை அப்படியே வைக்கிறது தமிழ். ஆங்கிலம் அப்படி விடாது. 'ஐ வென்ட்' என்று தொடங்கினால் உள்ளேயும் ஒரு படி பின்னால் போக வேண்டும்: 'ஐ வென்ட் டு சீ இஃப் த ஷாப் வாஸ் ஓப்பன்.' 'இஸ்' 'வாஸ்' ஆகிறது, 'வில்' 'வுட்' ஆகிறது, 'கேன்' 'குட்' ஆகிறது. இன்றும் மாறாத உண்மையாக இருந்தால் நிகழ்காலத்திலேயே விட்டாலும் தவறில்லை.

இரண்டாவது, கொக்கியின் வகை. 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'வென்', 'இஃப்' ஆகியவை நேரத்தையோ நிபந்தனையையோ சொன்னால், அவற்றுக்குப் பின்னால் எதிர்காலத்துக்கு 'வில்' போடக்கூடாது, நிகழ்காலம் போதும். காபித் தோட்டத்தில் பழம் சிவக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றால் 'வீ ஹேவ் டு வெயிட் அன்டில் த பெரீஸ் டர்ன் ரெட்.' 'அன்டில் த பெரீஸ் வில் டர்ன்' தவறு. 'அன்டில்' என்பதிலேயே 'வரை' இருப்பதால் "சிவக்காத வரை" என்ற நினைப்பில் 'நாட்' சேர்ப்பதும் தவறு. 'அன்டில் த பெரீஸ் டோன்ட் டர்ன் ரெட்' என்று சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும்.

ஆனால் அதே 'வென்', 'இஃப்' கேள்வியாக வந்தால் 'வில்' தாராளமாக வரும். இதைப் பிரித்தறிய ஆங்கில விதி தேவையில்லை, தமிழே சொல்லிவிடும். "அவர்கள் வரும்போது சாவி கொடுக்க வேண்டும்": இங்கே 'வரும்போது', ஆகவே 'வென் தே கம்'. "அவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்க வேண்டும்": இங்கே 'எப்போது... என்று', ஆகவே 'டு ஆஸ்க் வென் தே வில் கம்'. "வந்தால்" என்றால் 'இஃப் தே கம்'; "வருவார்களா என்று" என்றால் 'இஃப் தே வில் கம்'. தமிழில் இரண்டு உருவமாக இருப்பது ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடக்கிறது. இந்த ஓர் இடத்தில் நமக்குத்தான் வசதி அதிகம்.

எந்த வினை எந்தக் கொக்கியை ஏற்கும்

எல்லா வினைக்கும் எல்லாக் கொக்கியும் பொருந்தாது. நம்மூரில் அதிகம் உடைவது 'வாண்ட்'. "நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதில் 'என்று' இருப்பதால் 'ஐ வாண்ட் தேட் யூ ஷுட் கம்' என்று வந்துவிடுகிறது. 'வாண்ட்' இப்படி 'தேட்' ஏற்காது. ஆளை நடுவில் வைத்து 'டு' போட வேண்டும்: 'ஐ வாண்ட் யூ டு கம்.' 'ஆஸ்க்', 'அலவ்', 'வுட் லைக்' ஆகியவையும் இப்படியே. 'ஹோப்' நேர் எதிர். 'ஐ ஹோப் யூ டு கம்' தவறு. 'ஐ ஹோப் தேட் யூ வில் கம்' சரி. 'எக்ஸ்பெக்ட்' இரண்டையும் ஏற்கும். 'சஜெஸ்ட்' 'டு' ஏற்காது: 'ஹி சஜெஸ்டட் டு கோ' என்று சொல்லாமல் 'ஹி சஜெஸ்டட் தேட் வீ கோ' என்று சொல்லுங்கள்.

'டெல்' கூடவே ஆளைக் கேட்கும், 'சே' கேட்காது. 'டு டெல் யூ தேட்', 'டு சே தேட்'. 'டு சே யூ தேட்' தவறு. 'எக்ஸ்ப்ளெய்ன்' ஆளை ஏற்கும், ஆனால் இடையில் ஒரு 'டு' வைத்து: 'கேன் யூ எக்ஸ்ப்ளெய்ன் டு மீ வொய் த பில் இஸ் ஹையர்?' "எனக்கு விளக்குங்கள்" என்பதை வைத்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்பது ஊரெங்கும் உள்ள பிழை.

அலுவலகக் கடிதங்களில் 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தேட்' என்று தொடங்குவதை எத்தனையோ அறிவிப்புப் பலகைகளில் பார்க்கலாம். 'இன்ஃபார்ம்' ஆள் இல்லாமல் நிற்காது. 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தேட் த சாம்பிள் வாஸ் சென்ட் ஆன் மண்டே' என்று எழுதுங்கள். யாருக்கு என்று குறிப்பிட முடியாத பொது அறிவிப்பானால் 'ஆல் ஆர் இன்ஃபார்ம்ட் தேட்' எனலாம்.

கேள்விச்சொல்லும் 'டு'வும் நேராகச் சேரும் இடம்

"எப்படிப் போவது என்று", "என்ன வாங்குவது என்று", "போவதா வேண்டாமா என்று" என்றெல்லாம் ஆளைச் சொல்லாமல் தமிழில் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் இதற்குச் சுருக்கு வழி உண்டு: 'ஹவ் டு கோ', 'வாட் டு பை', 'வெதர் டு கோ'. 'ஐ டோன்ட் நோ வாட் டு பை.' இது மிக இயல்பான ஆங்கிலம், வாக்கியமும் சின்னதாகிறது. செய்யப் போகிறவர் யார் என்பது தெளிவாகத் தெரியும்போது மட்டும் பயன்படுத்துங்கள். 'இஃப் டு கோ' கிடையாது. 'வொய் டு' என்பதையும் தவிர்த்துவிடுங்கள். 'வொய் வீ ஷுட்' என்று முழுதாகச் சொல்வதே சரியாகக் கேட்கும்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்." 'ஓட்ட' என்பது 'டு ட்ரைவ்', 'தெரியும்' என்பது 'நோ'. கூட்டினால் 'ஐ நோ டு ட்ரைவ்' வருகிறது, ஆனால் அது தவறு. திறமையைச் சொல்லும்போது 'நோ'வுக்கும் 'டு'வுக்கும் நடுவில் 'ஹவ்' வந்தே ஆக வேண்டும்: 'ஐ நோ ஹவ் டு ட்ரைவ்.' நேர்முகத் தேர்வில் 'ஐ நோ டு டைப்', 'ஐ நோ டு ஸ்பீக் ஹிந்தி' என்று சொல்லிக் கேட்காத நாளில்லை. 'ஐ கேன் டைப்', 'ஐ கேன் ஸ்பீக் ஹிந்தி' என்றால் இன்னும் எளிது.

எதற்காக: 'டு' போதுமா, 'ஸோ தேட்' வேண்டுமா

நோக்கத்தைச் சொல்ல 'டு' மட்டுமே பெரும்பாலும் போதும். "கொலுசு வாங்க சேலம் வந்தோம்": 'வீ கேம் டு சேலம் டு பை ஆங்க்லெட்ஸ்.' 'ஃபார் டு பை', 'ஃபார் பையிங்' இரண்டும் வேண்டாம். அழுத்திச் சொல்ல 'இன் ஆர்டர் டு', 'ஸோ ஆஸ் டு' இருக்கின்றன. பேச்சில் தேவைப்படுவது குறைவு.

இரண்டு செயலையும் செய்பவர் ஒருவரே என்றால் 'டு'. வேறு வேறு என்றால் 'ஸோ தேட்' போட்டுப் புது வாக்கியம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். அதைப் பயணிகளுக்கு எழுதி வைப்பதானால்: 'யூஸ் எ லோ கியர் ஸோ தேட் த பிரேக்ஸ் டோன்ட் ஓவர்ஹீட்.' கியர் போடுபவர் ஓட்டுநர், சூடேறுவது பிரேக். ஆள் மாறிவிட்டதால் வெறும் 'டு' போதாது. முக்கிய வினை இறந்தகாலமானால் 'கேன்' இருக்கும் இடத்தில் 'குட்', 'டோன்ட்' இருக்கும் இடத்தில் 'வுட் நாட்' அல்லது 'டிட் நாட்'.

எதிர்மறை நோக்கத்துக்கு வெறும் 'நாட் டு' பெரும்பாலும் நிற்காது. "வழுக்காமல் இருக்க மெதுவாக நடந்தேன்" என்பது 'ஐ வாக்ட் ஸ்லோலி ஸோ ஆஸ் நாட் டு ஸ்லிப்.'

இதற்கு அக்கம்பக்கத்திலேயே இருப்பது 'டூ... டு'. இந்த 'டூ', 'டஸ்', 'டிட்'டோடு பார்த்த 'டூ' அல்ல; அளவுக்கு மீறி என்ற பொருள் தருவது. "லாரி திரும்ப முடியாத அளவுக்குச் சாலை குறுகல்": 'த ரோட் இஸ் டூ நேரோ ஃபார் எ லாரி டு டர்ன்.' 'முடியாத' என்பது 'டூ'வுக்குள்ளேயே இருக்கிறது; தனியாக 'நாட்' சேர்த்தால் கெட்டுவிடும். இதையே 'ஸோ... தேட்' வைத்துச் சொன்னால் எதிர்மறை வெளியே வர வேண்டும்: 'த ரோட் இஸ் ஸோ நேரோ தேட் எ லாரி கேனாட் டர்ன்.' இன்னொரு நுணுக்கம்: 'த காஃபி இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்' என்பதில் கடைசியில் 'இட்' வராது. 'த காஃபி இஸ் ஸோ ஹாட் தேட் ஐ கேனாட் ட்ரிங்க் இட்' என்பதில் 'இட்' கட்டாயம். முழு வாக்கியம் என்றால், எதைக் குடிப்பது என்ற செயப்படுபொருளும் அங்கே தேவை.

'அண்ட்', 'ஆர்', 'பட்' வைத்து 'டு'க்களைக் கோப்பது

'டு' ஒருமுறை சொன்னால் வரிசை முழுவதற்கும் பொருந்தும். காபிக் கொட்டை வேலை: 'டு பல்ப், வாஷ் அண்ட் ட்ரை த பீன்ஸ்.' நடுவில் உருவம் மாறக்கூடாது. 'டு பல்ப், வாஷிங் அண்ட் ட்ரை' என்பது நொண்டும்.

ஆனால் நடுவில் ஒரு முழு வாக்கியம் புகுந்துவிட்டால் 'டு'வைத் திரும்பச் சொல்லுங்கள். 'ஐ வாண்ட் டு ஆஸ்க் இஃப் த ரூம் இஸ் ஃப்ரீ அண்ட் டு புக் இட் ஃபார் டூ நைட்ஸ்.' இரண்டாவது 'டு' இல்லையென்றால், 'புக்' எதோடு சேருகிறது என்று கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். நீளமான கடிதத்தில் 'தேட்'டுக்கும் இதே கவனிப்பு வேண்டும்: 'டு சே தேட் த கூட்ஸ் ஆர் ரெடி அண்ட் தேட் த பில் இஸ் அட்டாச்ட்.'

"போய்ப் பார்க்க" என்பதில் 'போய்' வினையெச்சம். அதை 'கோயிங் அண்ட் சீ' ஆக்காமல் 'டு கோ அண்ட் சீ' என்று சொல்லுங்கள். 'நத்திங் டு டூ பட்' என்பதற்குப் பின்னால் 'டு' விழுந்துவிடும்: 'தேர் வாஸ் நத்திங் டு டூ பட் வெயிட்.' 'ராதர் தேன்' வந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான்: 'வீ டிசைடட் டு வாக் ராதர் தேன் வெயிட்.'

எழுதும்போது 'தேட்'டுக்கு முன்னால் கமா வேண்டாம். 'ஹி டோல்ட் மீ டு கால் வென் த பஸ் கேம்' மாதிரி வாக்கியத்தில், பஸ் வந்தபோது சொன்னாரா, வந்ததும் கூப்பிடச் சொன்னாரா என்பது தெளிவாகாது. வந்தபோது சொன்னார் என்றால் நேரத்தை முன்னால் தூக்கி வைத்துக் கமா போடுங்கள்: 'வென் த பஸ் கேம், ஹி டோல்ட் மீ டு கால்.'

ஒரு நீள வாக்கியத்தை முழுதாகக் கட்டுவோம்

"மழை விட்ட பிறகு படகு விடுவார்களா என்று கேட்டுவிட்டு வரும்படி தம்பியிடம் சொன்னேன்."

வால்: 'சொன்னேன்', 'ஐ டோல்ட்'. 'டெல்' ஆள் கேட்குமே, 'மை பிரதர்'. அடுத்து 'கேட்டுவிட்டு வரும்படி'. இங்கே நின்று யோசிக்க வேண்டும். தமிழில் எங்கே போனாலும் திரும்பி வருவதைச் சொல்வோம். போய்ட்டு வர்றேன் என்பதுதான் நம் வழக்கம். ஆங்கிலத்தில் போவதைச் சொன்னால் போதும்: 'டு கோ அண்ட் ஆஸ்க்'. இப்போது கொக்கி. முன்னால் இருப்பது 'விடுவார்களா', ஆகவே 'இஃப்' அல்லது 'வெதர்'. அப்பால் இருக்கும் வாக்கியத்தில் ஆள் சொல்லப்படவில்லை. 'விடுவார்கள்' என்ற விகுதியிலேயே 'அவர்கள்' இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் வாக்கியம் நிற்காது: 'தே'. தலையில் 'டோல்ட்' இருப்பதால் 'வில்' பின்வாங்கி 'வுட்' ஆகும்: 'தே வுட் ரன் த போட்ஸ்'. கடைசியில் மிச்சமிருப்பது தமிழில் முதலில் வந்தது: 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட்'.

'ஐ டோல்ட் மை பிரதர் டு கோ அண்ட் ஆஸ்க் இஃப் தே வுட் ரன் த போட்ஸ் ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட்.'

தமிழில் மழையில் தொடங்கிச் சொன்னதில் முடிகிறது. ஆங்கிலத்தில் சொன்னதில் தொடங்கி மழையில் முடிகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முதலில் வாலையும் கொக்கியையும் பென்சிலால் குறித்துவிட்டு எழுதுங்கள்.

"இந்தச் சாலை குப்பனூருக்குப் போகிறதா என்று கேட்க நிறுத்தினோம்." விடை: 'வீ ஸ்டாப்ட் டு ஆஸ்க் வெதர் திஸ் ரோட் வென்ட் டு குப்பனூர்.' சாலை இன்றும் அங்கேதான் போகிறது என்பதால் 'கோஸ்' எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

"மாம்பழம் என்ன விலை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்." விடை: 'ஷீ வாண்ட்ஸ் டு நோ ஹவ் மச் த மேங்கோஸ் ஆர்.' 'ஆர்' நடுவில் நின்றிருந்தால் கேள்வி வரிசை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை." விடை: 'ஐ டோன்ட் நோ ஹூ டு கிவ் த கீ டு.' கடைசி 'டு' இங்கே 'இடம்' என்ற வேற்றுமை, விட்டுவிடக்கூடாது.

"நீங்கள் சீக்கிரம் வர வேண்டும் என்று அம்மா விரும்புகிறார்." விடை: 'மை மதர் வாண்ட்ஸ் யூ டு கம் ஏர்லி.' 'தேட்' எங்கேயாவது எட்டிப் பார்த்திருந்தால், 'வாண்ட்' பற்றிய பகுதியை இன்னொரு முறை படியுங்கள்.

"பில் எப்படிப் போடுவது என்று தெரியாததால், முதலாளி வரும்வரை காத்திருக்க முடிவு செய்தோம்." விடை: 'வீ டிட் நாட் நோ ஹவ் டு மேக் த பில், ஸோ வீ டிசைடட் டு வெயிட் அன்டில் த ஓனர் கேம்.' தமிழில் 'வரும்வரை' எந்தக் காலத்திலும் அப்படியே இருக்கும். இங்கே 'டிசைடட்' இறந்தகாலம் என்பதால் 'கம்ஸ்' எழுதாமல் 'கேம்' எழுத வேண்டும்.